முன் வந்தோரும் பின் வந்தோரும்: ராகிங் வழக்கத்தின் வரலாறு

பிழைப்பின் பொருட்டுப் பெற்றோர் தமிழகம் விட்டு இந்நகருக்கு வந்தனர். படிப்பின் பொருட்டுப் பிள்ளைகள் இந்நகர் விட்டு வேறு நகர்களுக்குச் செல்கின்றனர். நம் காலனியில் இவ்விரண்டும் நிகழாத வீடு அரிது. ஒருவர் மகன் பொறியியல் பயில இரண்டு நாள் இரயில் பயணம் செய்து போகிறான். மற்றொருவர் மகள் மருத்துவம் பயில வேறு மாநிலம் செல்கிறாள். இடம் கிடைத்த செய்தி வந்தவுடன் இனிப்பு வழங்குகிறோம். கட்டணம் எவ்வளவு, விடுதியில் சோறு உண்டா, சப்பாத்தி மட்டுந்தானா என்றெல்லாம் உசாவுகிறோம். எல்லாம் கேட்டு முடிந்தபின் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு ஒரு வினா எழுப்புகிறோம்: "அங்கே ராகிங் உண்டா?"

இவ்வினாவுக்கு நம்மவர் கூறும் விடை இருவகைப்படும். "அதெல்லாம் எங்கும் உள்ளது, பிள்ளைகள் விளையாட்டு, ஒரு மாதம் பொறுத்தால் சரியாகிவிடும்" என்பார் ஒரு சாரார். "இப்பொழுதுதான் சட்டம் வந்துவிட்டதே, இனி அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது?" என்பார் மற்றொரு சாரார். இவ்விரு விடைகளும் எத்துணை மெய் என்பதை வரலாற்றைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வழக்கத்தின் வயது ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கும் மேல். அதைத் தடுக்கப் பிறந்த சட்டத்தின் வயதும் ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு. ஆகவே, இதனைப் பற்றி வரலாறு நமக்குச் சொல்லக்கூடியது நிரம்ப உண்டு.

சொல்லும் பொருளும்

'ராகிங்' என்பது ஆங்கில நாட்டு மாணவர்களின் பேச்சுவழக்குச் சொல். ஆரவாரமான குறும்பு என்பதே அதன் முதற்பொருள். அமெரிக்கர் இதனையே 'ஹேசிங்' என்பர். இலங்கைத் தமிழர் இதற்கு அமைத்துக்கொண்ட சொல் 'பகடிவதை' என்பது. இதனினும் பொருத்தமான சொல்லைக் காண்டல் அரிது. பகடி என்று தொடங்குவது வதையில் முடிகிறது என்னும் உண்மை அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

நம் நாட்டு விடுதிகளில் இது நடைபெறும் முறையைப் பலரும் அறிவர். புதியவன் மூத்த மாணவன் முகத்தை ஏறிட்டு நோக்கலாகாது. தன் சட்டையின் மூன்றாம் பொத்தானையே பார்த்து நிற்றல் வேண்டும். கண்டவிடமெல்லாம் வணக்கம் செலுத்துதல் வேண்டும். பாடு என்றால் பாடவேண்டும். ஆடு என்றால் ஆடவேண்டும். மூத்தோருக்குக் கடையிலிருந்து சிகரெட் வாங்கி வருவதும், அவர்தம் ரெக்கார்டு நோட்டுகளை இரவெல்லாம் கண்விழித்து எழுதித் தருவதும் அவன் கடமைகள். இவ்வளவோடு நின்றால் சிறுமை என்று சொல்லி அமையலாம். ஆனால், இது நிற்பதில்லை. உடையைக் களைதல், அடி, உறக்கமின்மை, சொல்லத் தகாத இழிவுகள் என்று படிப்படியாக ஏறுகிறது. முதற்படிக்கும் கடைசிப் படிக்கும் இடையே வேலி எதுவும் இல்லை என்பதே இவ்வழக்கத்தின் இயல்பு.

ஏதென்சும் கார்த்தேஜும்

கி.பி. நான்காம் நூற்றாண்டில் கல்விக்குப் பேர்பெற்ற நகரம் ஏதென்ஸ். நாவன்மை பயிலப் பல நாட்டு இளைஞர் அங்கு வந்து குழுமினர். புதிதாக வருவோரை முன்னரே வந்தோர் பிடித்துக்கொண்டு படுத்திய பாட்டை நசியான்சஸ் நகரத்துக் கிரெகோரியார் எழுதிவைத்துள்ளார். வந்தவனைச் சூழ்ந்துகொண்டு கேலி பேசுவர்; வரிசையாக நின்று சந்தை வழியே குளியற் கூடத்துக்கு ஊர்வலமாக அழைத்துச் செல்வர். அங்குச் சென்றதும் உள்ளே நுழைய இசைவில்லை என்பதுபோலக் கூச்சலிட்டுத் துள்ளிக் கதவை இடித்து அவனை அச்சுறுத்துவர். பிறகே அவனை உள்ளே விட்டுத் தம்முள் ஒருவனாக ஏற்பர்.

அந்நாளில் ஏதென்சுக்குப் பயில வந்தவர்களுள் ஒருவர் பசீலியார். பிற்காலத்தில் கிறித்துவ சமயப் பேரறிஞராக விளங்கியவர் அவர். கிரெகோரியார் அவருக்குச் சிறிது முன்னரே அங்கு வந்து சேர்ந்திருந்தார். பசீலியாரின் அடக்கத்தையும் அறிவையும் அறிந்த அவர், இவரை இச்சடங்குக்கு ஆளாக்குதல் தகாது என்று தம் தோழர்களிடம் எடுத்துரைத்துத் தடுத்தார். ஏறக்குறைய அவ்வொருவர் மட்டுமே இவ்வழக்கத்திலிருந்து தப்பினார். தங்கள் இருவரிடையே வாழ்நாள் முழுதும் நிலைத்த நட்புக்கு அதுவே முதற்பொறி என்று கிரெகோரியார் பின்னாளில், பசீலியாரின் மறைவுக்குப்பின் ஆற்றிய புகழுரையில் நினைவுகூர்கிறார். ராகிங் செய்தால்தான் நட்பு வளரும் என்று இன்று வாதிடுவோர் இச்செய்தியைக் கருதவேண்டும். இவ்விருவர்தம் நட்பு வளர்ந்தது சடங்கினால் அன்று. அதனை ஒருவர் தடுத்து நிறுத்தியதனால்.

அதே நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் பயின்றவர் அகஸ்தீனார். அங்கே மாணவர் கூட்டம் ஒன்று தன்னைக் 'கவிழ்ப்போர்' என்று பெருமையுடன் அழைத்துக்கொண்டது. கூச்சத்தோடு வரும் புதியவர்களைக் காரணமின்றித் துன்புறுத்தி மகிழ்வதே அக்கூட்டத்தின் தொழில். அகஸ்தீனார் தம் வாழ்க்கையை விவரிக்கும் நூலில் இதனைக் குறிப்பிடுகையில் ஒன்றை மறையாது சொல்கிறார். அவர்தம் செயல்களை அவர் வெறுத்தார். ஆயினும் அவர்களோடு பழகினார். தாம் அவர்களைப்போல் இல்லையே என்று நாணவும் செய்தார். கொடுமை செய்வோர் சிலரே; அதனை வெறுத்தும் உடன் நின்று பார்ப்போர் பலர் என்னும் உண்மையை இதனினும் தெளிவாக உரைத்தவர் இலர். இன்றைய விடுதிகளிலும் வாயிற்கதவு ஓரம் நின்று நகைப்போர் தொகை அடிப்போர் தொகையினும் மிகுதியே.

பேரரசரின் ஆணை

ராகிங்கைத் தடுக்க எழுந்த மிகப் பழைய ஆணைகளுள் ஒன்று கி.பி. 533-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உரோமப் பேரரசர் ஜஸ்டினியன் சட்டக் கல்வியைச் சீர்திருத்திப் பேராசிரியர்களுக்கு ஓர் ஆணை அனுப்பினார். கான்ஸ்டாண்டிநோபிள், பெய்ரூட் ஆகிய நகரங்களில் சட்டம் பயிலும் மாணவர்கள் புதியவர்கள் மீதும் ஆசிரியர்கள் மீதும் இழிவான விளையாட்டுகளை நடத்தலாகாது என்று அவ்வாணை விதித்தது. அவை விளையாட்டல்ல, தீங்கு என்றும், அடிமைகளுக்குரிய இழிசெயல் என்றும் பேரரசரே கடிந்துரைத்தார். கண்காணிக்கும் பொறுப்பைத் தலைநகரில் நகர ஆளுநரிடமும், பெய்ரூட்டில் மாகாண ஆளுநர், ஆயர், சட்டப் பேராசிரியர் ஆகியோரிடமும் ஒப்படைத்தார்.

அவ்வாணையில் இன்னொரு செய்தியும் உண்டு. முதலாண்டு மாணவர்களுக்கு அக்காலத்தில் 'துபோந்தியர்' என்றொரு பட்டப்பெயர் வழங்கிற்று. துபோந்தியம் என்பது ஒரு சிறு நாணயம். 'இரண்டு காசு பெறாதவன்' என்று நாம் ஏளனமாகச் சொல்வது போன்றது அப்பெயர். அதனை ஒழித்து, இனி முதலாண்டு மாணவர் 'புதிய ஜஸ்டினியர்' எனப் பேரரசரின் பெயராலேயே வழங்கப்பெறுவர் என்று அவ்வாணை கூறுகிறது. இழிவு முதலில் பெயரில்தான் தொடங்குகிறது என்பதை அப்பேரரசர் அறிந்திருந்தார். தண்டனையை மட்டும் விதித்து அவர் அமையவில்லை. புதியவனுக்கு ஒரு மதிப்பையும் வழங்கினார்.

கொம்பு அறுக்கும் சடங்கு

ஐரோப்பாவின் இடைக்காலப் பல்கலைக் கழகங்களில் இவ்வழக்கம் ஒரு சடங்காகவே உருப்பெற்றது. பிரெஞ்சு நாட்டில் புதிய மாணவனை 'மஞ்சள் அலகு' என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். கூட்டைவிட்டு வெளிவராத பறவைக் குஞ்சு என்பது கருத்து. அவனிடம் பணம் பறித்து விருந்துண்பதும் வழக்கமாயிற்று. ஜெர்மானியப் பல்கலைக் கழகங்களிலோ புதியவனின் தலையில் கொம்புகளைப் பொருத்தி, அவன் இன்னும் மனிதனாகாத விலங்கு என்று கூறி, அக்கொம்புகளை வாளால் அறுப்பர். பன்றிப்பல் போன்றவற்றை வாயிற் செருகிப் பின் பிடுங்குவர். உடலை இழைப்புளி கொண்டு இழைப்பதுபோல் தேய்ப்பர். இறுதியில் விருந்துச் செலவு முழுவதும் அவன் தலைமேல் விழும்.

இதனைத் தடுக்கவும் முயன்றனர். 1495-ஆம் ஆண்டில் லைப்சிக் பல்கலைக் கழகம் ஒரு விதி இயற்றிற்று. புதியவர்களை வைதல், நீரோ சிறுநீரோ அவர்கள் மேல் ஊற்றுதல், புழுதி வீசுதல், சீழ்க்கையடித்து எள்ளுதல், அச்சுறுத்தும் குரலில் கூவுதல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக் கூறி அவ்விதி தடை செய்தது. இப்பட்டியலைப் படிப்போர் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஆவணம் ஒன்றைப் படிக்கிறோம் என்று எண்ணமாட்டார். சென்ற ஆண்டின் விடுதிப் புகாரைப் படிப்பதாகவே எண்ணுவர். ஆயினும், தடை இருந்தும் வழக்கம் மாயவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் ஜெர்மானிய நாட்டில் புதியவர்களை ஏவலாளராகவே நடத்தும் கொடுமை தலைவிரித்தாடிற்று. காரணம் எளிது. சென்ற ஆண்டு விருந்துக்குப் பணம் கொடுத்தவன் இவ்வாண்டு விருந்துண்ண விரும்பினான்.

இங்கிலாந்தும் அமெரிக்காவும்

இங்கிலாந்தின் புகழ்பெற்ற தங்கற் பள்ளிகளில் 'ஃபேகிங்' என்னும் முறை நிலவிற்று. இளைய மாணவன் மூத்தவனுக்குக் காலணி துடைத்தல், அடுப்பு மூட்டுதல், சிற்றுண்டி ஆக்கித் தருதல் முதலிய குற்றேவல் புரிய வேண்டும். தாமஸ் ஹியூஸ் 1857-இல் வெளியிட்ட 'டாம் பிரௌனின் பள்ளி நாட்கள்' என்னும் புதினம் ரக்பி பள்ளியின் வாழ்க்கையைப் பின்னணியாகக் கொண்டது. மூத்தவன் இளையவனை வதைக்கும் காட்சிகள் அதில் இடம்பெற்றுள்ளன. அப்பள்ளிகளில் பயின்றோரே பின்னர் நம் நாட்டை ஆளும் அதிகாரிகளாக வந்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அமெரிக்காவில் 1873-இல் கார்னெல் பல்கலைக் கழகத்து இளைஞர் ஒருவர் மாணவர் கழகமொன்றில் சேரும் சடங்கின்போது இரவில் மலையிடுக்கில் வீழ்ந்து மாண்டார். வெஸ்ட் பாயிண்ட் படைக் கல்லூரியில் புதியவர்கள் அடைந்த துன்பங்கள்பற்றி 1901-இல் அந்நாட்டு நாடாளுமன்றமே விசாரணை நடத்திற்று. மகனை இழந்த ஒரு குடும்பத்தின் முறையீடே அவ்விசாரணைக்கு வித்திட்டது. பிற்காலத்தில் பெரும் படைத்தலைவராகப் புகழ்பெற்ற டக்ளஸ் மக்ஆர்தர் அன்று மாணவர், அக்கொடுமைக்கு ஆளானவர், விசாரணையில் சான்றும் கூறினார். உலகின் எப்பகுதியாயினும் மாணவர் வாய்திறக்கத் தயங்குவர் என்பதையும், ஒரு பெற்றோரின் கண்ணீர் வெளிப்பட்ட பின்னரே அரசு விழிக்கிறது என்பதையும் இவ்வரலாறு காட்டுகிறது.

நம் நாட்டில்

ஆங்கிலக் கல்வியோடும், ஆங்கில முறைத் தங்கற் பள்ளிகளோடும், படைப்பயிற்சிக் கூடங்களோடும் இவ்வழக்கம் இந்தியாவுக்குள் புகுந்தது. இதற்கு நம் மொழிகளில் பழைய பெயர் இல்லாமையும், ஆங்கிலச் சொல்லே இன்றளவும் வழங்குவதும் அதற்குச் சான்று. நம் பழமையில் குறையே இல்லை என்பது இதன் கருத்தன்று. சாதியின் பெயரால் மனிதனை மனிதன் தாழ்த்திய நாடு இது. எனினும், புதிதாகப் படிக்க வந்தவனை முன்னர் வந்தவன் வதைப்பது மரபு என்று சொல்ல நமக்கு இடமில்லை. இது நம் மரபன்று. இரவல் வாங்கிய வழக்கம்.

விடுதலைக்குப் பின் பொறியியற் கல்லூரிகளும் மருத்துவக் கல்லூரிகளும் பெருகின; விடுதிகளும் பெருகின. பல மொழியினரும், பல நிலையினரும் ஒரு கூரையின்கீழ் வந்து சேர்ந்தனர். மகிழ்ச்சிக்குரிய இம்மாற்றத்தினூடே ராகிங்கும் வளர்ந்தது. மொழி தெரியாதவன், கிராமத்திலிருந்து வந்தவன், உடையிலும் பேச்சிலும் வேறுபட்டவன், உதவித்தொகையில் பயில்பவன் ஆகியோரே முதலிற் குறிவைக்கப்பட்டனர்.

தமிழ்மக்கள் மறக்கவொண்ணாத நிகழ்ச்சி 1996 நவம்பரில் நேர்ந்தது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக் கழக வளாகத்தின் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு பயின்றுவந்த நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொலையுண்டார். அவர்தம் தந்தை பொன்னுசாமி சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். ஒரு துணைவேந்தரின் மகனுக்கே இந்நிலையாயின் ஏனையோர் நிலை என்ன என்று நாடே நடுங்கிற்று. அவ்வாண்டின் இறுதியிலேயே தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. 1997-இல் அது முழுச் சட்டமாயிற்று. ராகிங் புரிவோருக்கு ஈராண்டு வரை சிறையும், பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமும் அச்சட்டம் விதிக்கிறது. தண்டனை பெற்ற மாணவர் கல்லூரியினின்று நீக்கப்படுவதோடு வேறெந்தக் கல்லூரியிலும் சேரவும் இயலாது. கொலை வழக்கோ நெடுங்காலம் நீண்டது. 1998-இல் கடலூர் நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்தது. 2001-இல் உயர்நீதி மன்றம் விடுதலை அளித்தது. 2011-இல் உச்சநீதி மன்றம் மீண்டும் ஆயுள் தண்டனையை நிலைநாட்டிற்று. ஒரு தந்தை நீதிக்காகக் காத்திருந்த காலம் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள்.

சட்டம் வளர்ந்த வழி

தமிழகத்தைத் தொடர்ந்து 1997-இலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் ஆந்திரம், கேரளம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்கள் தனித்தனிச் சட்டங்கள் இயற்றின. 1998-இல் இலங்கையிலும் பகடிவதைத் தடைச் சட்டம் பிறந்தது. 2001-இல் நம் உச்சநீதி மன்றம் நாடு முழுமைக்கும் நெறிமுறைகள் வகுத்தது. மாணவர் தவறுகளை இயன்றவரை ஆசிரியரும் கல்லூரி நிர்வாகமுமே திருத்துதல் வேண்டும். தவிர்க்கவியலாத நிலையன்றி மாணவரைப் போலீசுக்கு ஆட்படுத்துதல் ஆகாது என்பது அன்று அம்மன்றத்தின் கருத்து. தந்தை மகனைத் திருத்துவதுபோன்ற அணுகுமுறை அது.

அந்நம்பிக்கையைக் கல்லூரிகள் காப்பாற்றவில்லை. தம் பெயர் கெடும் என்று அஞ்சிப் புகார்களை மூடி மறைத்தன. ஆகவே, 2006-இல் மத்தியப் புலனாய்வுத் துறையின் முன்னாள் இயக்குநர் ஆர். கே. ராகவன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பெற்றது. பல நகரங்களுக்கும் சென்று மாணவரையும் பெற்றோரையும் ஆசிரியரையும் கண்டு அக்குழு அறிக்கை அளித்தது. 2007 மே மாதம் உச்சநீதி மன்றம் அவ்வறிக்கையின் பரிந்துரைகளை ஏற்று, கல்லூரியின் நடவடிக்கை நிறைவளிக்காவிடில் போலீசில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆகவேண்டும் என்று ஆணையிட்டது. ஆறே ஆண்டுகளில் நீதிமன்றத்தின் நோக்கு இவ்வாறு மாறியமைக்குக் கல்லூரிகளின் மௌனமே பொறுப்பு.

அதன் பின்னரும் துயரம் ஓயவில்லை. 2009 மார்ச் 8-ஆம் நாள் இமாசலப் பிரதேசத்தில் காங்ராவை அடுத்த டாண்டா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் அமன் கச்ரு, மூத்தோர் அடித்த அடியால் உயிர்நீத்தார். மாணவர் நால்வருக்கு 2010-இல் நான்காண்டுச் சிறை விதிக்கப்பெற்றது. மகனை இழந்த தந்தை ராஜேந்திர கச்ரு துயரத்தோடு ஒடுங்கிவிடவில்லை. பிறர் பிள்ளைகளைக் காக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே பல்கலைக் கழக மானியக் குழு கடுமையான விதிகளை வெளியிட்டது. இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் கட்டணமில்லாத் தொலைபேசியும் ஏற்பட்டது. அதன் எண் 1800-180-5522.

அவ்விதிகளுள் நம் குடும்பங்கள் அறியவேண்டியவை சில உள. சேரும் ஒவ்வொரு மாணவரும் ராகிங்கில் ஈடுபடேன் என்று உறுதிமொழி தரவேண்டும். பெற்றோரும் தனியே தரவேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் ராகிங் தடுப்புக் குழுவும், விடுதிகளை முன்னறிவிப்பின்றிச் சுற்றிப் பார்க்கும் கண்காணிப்புப் படையும் இருத்தல் வேண்டும். குற்றம் எனத் தகும் செய்தி கிடைத்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைவர் போலீசுக்குத் தெரிவித்தல் வேண்டும். 2016-இல் செய்த திருத்தத்தின்படி சாதி, சமயம், நிறம், பிறந்த இடம், வட்டாரம், மொழி, பொருளாதார நிலை ஆகியவற்றைக் காட்டி ஒருவரை இழிவு செய்வதும் ஒதுக்கிவைப்பதும் ராகிங்கேயாகும். மொழியும் வட்டாரமும் இப்பட்டியலில் இடம்பெற்றிருத்தலைப் புலம்பெயர்ந்து வாழும் நாம் சிறப்பாகக் கருதவேண்டும்.

இத்துணை விதிகள் இருந்தும் 2023 ஆகஸ்டில் கல்கத்தா யாதவ்பூர் பல்கலைக் கழக விடுதியில் முதலாண்டு மாணவர் ஒருவர் மேல்மாடத்திலிருந்து வீழ்ந்து இறந்தார். ராகிங் குற்றச்சாட்டின்பேரில் கைதானோருள் படிப்பை முடித்தும் விடுதியிலேயே தங்கியிருந்த பழைய மாணவரும் இருந்தனர். ஏட்டில் உள்ள விதி விடுதி மாடியை எட்டவில்லை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று. ஆகவே, "சட்டம் வந்துவிட்டது, இனி அச்சமில்லை" என்னும் விடையும் முழு விடையன்று.

மூன்று சாக்குகள்

இவ்வழக்கத்தைத் தாங்கிப் பேசுவோர் கூறும் சாக்குகள் மூன்று. இது நட்பை வளர்க்கும் என்பது முதலாவது. இதற்கு விடை ஏதென்ஸ் நகரிலேயே கிடைத்துவிட்டது.

கூச்சத்தைப் போக்கி உறுதியை ஊட்டும் என்பது இரண்டாவது. உறுதி வேண்டுவோர் விளையாட்டுக் களத்தில் பெறலாம். மேடைப் பேச்சிற் பெறலாம். அங்கெல்லாம் ஒருவன் எதிர்த்து நிற்கலாம், தோற்றாலும் தலைநிமிரலாம். ராகிங்கிலோ எதிர்ப்பதே குற்றம். எதிர்க்க இசைவில்லாத இடத்தில் வளர்வது பணிவுமன்று, உறுதியுமன்று. அச்சமும், வாய்ப்பு வரும்வரை அடக்கிவைத்த சினமுமே.

நாங்களும் பட்டோம், அவர்களும் படட்டும் என்பது மூன்றாவது. மூன்றனுள் உண்மையானது இது ஒன்றே. ஏனைய இரண்டும் இதனை மறைக்கும் போர்வைகள். முதலாண்டில் அழுதவன் இரண்டாம் ஆண்டில் அழவைக்கிறான். தான் பட்ட கடனைத் தனக்கு அதனை இழைத்தவனிடம் தீர்க்க இயலாமையால், ஒன்றும் அறியாத மற்றொருவனிடம் தீர்த்துக்கொள்கிறான். இச்சங்கிலி நூறு கண்ணிகள் உடையதாயினும் அறுப்பதற்கு ஒரு கண்ணி போதும். ஓர் ஆண்டு மாணவர் மட்டும் "எங்களோடு இது முடிக" என்று துணிந்தால் அடுத்த ஆண்டு வருவோர்க்கு இவ்வழக்கமே தெரியாது. நூற்றாண்டுகள் பழைமை உடையது எனப்படும் இது ஒவ்வொரு கல்லூரியிலும் உண்மையில் ஓராண்டு ஆயுளே உடையது. ஆண்டுதோறும் யாரோ ஒருவர் அதற்கு உயிர் கொடுக்கின்றனர்.

நம் கடன்

இவ்விடத்தே நம் சங்கத்தின் தோற்றத்தை எண்ணிப் பார்த்தல் பொருந்தும். மொழி அறியாத நகருக்குத் தகரப்பெட்டியும் படுக்கைச் சுருளுமாய் வந்திறங்கிய தமிழர் பலர். முன்னரே வந்தவர் அவர்களை நிலையத்திற்குச் சென்று அழைத்துவந்தனர். ஓர் அறையில் நால்வராகவும் ஐவராகவும் படுத்து இடம் கொடுத்தனர். கடைத்தெருவில் எண்களை எப்படிச் சொல்வது, எந்தப் பஸ் எங்குச் செல்லும், அலுவலகத்தில் யாரிடம் எவ்வாறு பேசுவது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தனர். அவர்தம் முதல் மாதச் சம்பளம் வரும்வரை மெஸ்ஸில் கணக்கு எழுதவிட்டனர். இத்தகைய உதவிகளிலிருந்தே இந்திய நகரங்கள் பலவற்றிலும் தமிழ்ச் சங்கங்கள் முளைத்தன. முன் வந்தவன் பின் வந்தவனுக்குச் செய்யக்கூடியது இரண்டு. ஒன்றை விடுதிகளிற் காண்கிறோம். மற்றொன்றைச் செய்து வளர்ந்தவர்கள் நாம். மானியக் குழுவின் விதிகளும் இதனையே கூறுகின்றன: புதியவர் அறுவருக்கு ஒரு மூத்த மாணவர் வழிகாட்டியாக இருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நம் முன்னோர் விதியின்றியே செய்தனர்.

பெற்றோர்க்கு ஒன்றிரண்டு சொல்லி முடிக்கலாம். பிள்ளையை அனுப்பும்போது 'பொறுத்துப் போ' என்று மட்டும் சொல்லி அனுப்பலாகாது. எது பொறுக்கத் தக்கது, எது தகாதது என்பதையும் எடுத்துரைத்தல் வேண்டும். பெயரும் ஊரும் கேட்டுப் பாட்டொன்று பாடச் சொன்னால் பாடிவிட்டு வரலாம். இரவில் அறைக்கு வரச் சொன்னால், உடையில் கை வைத்தால், அடித்தால், பணம் கேட்டால், 'வீட்டிற் சொல்லாதே' என்று மிரட்டினால், அன்றே சொல்லவேண்டும். வீட்டில் சொன்னால் 'நீதான் ஏதாவது செய்திருப்பாய்' என்னும் சொல் வாராது என்னும் உறுதியைப் பிள்ளைக்கு முன்னரே அளிக்கவேண்டும். முதல் மாதங்களில் பேசும் குரலைக் கவனித்தல் வேண்டும். உணவும் உறக்கமும் குறைந்தாலோ, ஊருக்கு வரவேண்டும் என்று காரணமின்றி வற்புறுத்தினாலோ, சோம்பல் என்று கடிதல் ஆகாது. நேரிற் சென்று காணுதல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு, அதனைச் சொல்லுதல் சற்றுக் கசப்பானது. ராகிங் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் பிள்ளை துன்புறுவான் என்றே அஞ்சுகிறோம்; நம் பிள்ளை துன்புறுத்துவான் என்று ஒருவரும் எண்ணுவதில்லை. வதைத்தவர் யாவரும் யாரோ ஒருவருடைய பிள்ளைகளே. வடக்கே நம்மை 'மதராசி' என்று அழைத்தபோது நம் மனம் நொந்தது. தமிழகத்துக்குப் படிக்கச் சென்ற நம் பிள்ளைகள் தம் தமிழ் உச்சரிப்புக்காக நகைக்கப்பட்டு நொந்ததும் உண்டு. அந்நோவை அறிந்த நம் வீட்டிலேயே, பீகாரிலிருந்தோ மணிப்பூரிலிருந்தோ வந்த ஒரு மாணவனின் பேச்சையும் முகத்தையும் குறித்து வேடிக்கை பேசுவோமாயின், பிள்ளைக்கு முதற்பாடம் கற்பித்தவர் நாமே. உறுதிமொழித் தாளில் கையொப்பமிடும் பெற்றோர், அதில் தாமும் கட்டுப்படுகிறோம் என்பதை உணர்தல் வேண்டும்.

சங்கமும் செய்யத்தக்கது உண்டு. இந்தியாவின் பெரு நகரங்கள் பலவற்றில் தமிழ்ச் சங்கங்கள் உள. நம் பிள்ளை எந்நகர் செல்லினும் அங்குள்ள சங்கத்தில் ஒரு குடும்பத்தை அறிமுகம் செய்துவைத்தால், ஞாயிறு தோறும் ஒருவேளைச் சோறும் மனம் திறந்து பேச ஒரு வீடும் அவனுக்குக் கிடைக்கும். அவ்வாறே, வேற்றூரிலிருந்து நம் நகரக் கல்லூரிகளுக்கு வரும் பிள்ளைகளுக்கு, அவர்கள் எம்மொழியினராயினும், நம் வீட்டுக் கதவு திறந்திருத்தல் வேண்டும். தனித்து விடப்பட்டவனையே வதைப்போர் தேடுவர். தனக்கென ஒரு வீடு உண்டு என்று தெரிந்தவனை அணுகத் தயங்குவர்.

பேரரசர் ஆணையிட்டும், பல்கலைக் கழகங்கள் விதித்தும், நீதிமன்றங்கள் தண்டித்தும் முற்றும் மாயாத ஒரு வழக்கத்தை ஒரு காலனியின் சங்கம் ஒழித்துவிடும் என்று சொல்லுதல் மிகையாகும். ஆயினும், வருகின்ற கல்வியாண்டில் விடுதி செல்லவிருக்கும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் இரண்டு சொற்களைச் சொல்லி அனுப்ப நம்மால் இயலும். இவ்வாண்டு, "துன்பம் நேர்ந்தால் மறையாதே." அடுத்த ஆண்டு, "உனக்குப் பின் வருபவனை நிலையத்திற்குச் சென்று அழைத்து வா." இவ்விழா நாளில் நம் சங்கத்து அன்பர்கள்பால் யான் வைக்கும் வேண்டுகோள் இதுவே.